ராகு காலத்துக்கு முன்னால் பத்தடி

போட்டோமா, போடவில்லையா என்ற நினைப்பு பூபதிக்கு வந்த இடமே சரியில்லை. வீட்டுவாசலில் வந்திருந்தால் இறங்கிப் பார்த்திருக்கலாம். பெட்ரோல் பங்கில் வந்திருந்தால் கண்ணாடி துடைக்கிற சாக்கில் பின்னால் போய் ஒரு நோட்டம் விட்டிருக்கலாம். வந்ததோ பிட்ஸ்பர்க்கைத் தாண்டி மலைப்பக்கம் ஏறுகிற நெடுஞ்சாலையில், சாலை வேலை நடக்கிறது என்று ஆரஞ்சுப் பலகை நட்டு, இரண்டு பக்கமும் இடுப்புயரக் கான்கிரீட் சுவரை வரிசையாக நிறுத்தி, ஓரம் என்ற ஒன்றே இல்லாமல் பண்ணி வைத்திருந்த இடத்தில். முன்னால் வண்டி, பின்னால் வண்டி, நடுவில் பூபதியின் பிக்கப், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு கட்டில், அடுப்பு, கக்கூஸ் சகிதம் டிரெய்லர் என்ற பெயரில் ஒரு சின்ன வீடே உருண்டு வந்துகொண்டிருந்தது. அந்த வீட்டையும் இந்த வண்டியையும் சேர்த்துப் பிடித்திருப்பது பிக்கப்பின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எலுமிச்சம்பழ அளவு ஓர் இரும்பு உருண்டை. டிரெய்லரின் மூக்கிலிருக்கும் வாய் அந்த உருண்டையைக் கவ்வ வேண்டும், கவ்விய வாய் திறக்காமலிருக்கத் தாழ்ப்பாள் விழ வேண்டும், விழுந்த தாழ்ப்பாள் குலுக்கலில் எழும்பாமலிருக்க அதில் விரல் நீளத்துக்கு ஓர் இரும்புப் பின் செருக வேண்டும். அந்தப் பின். அதைத்தான் போட்டோமா, போடவில்லையா. போட்டிருப்போம். போடாமல் இருப்போமா? எத்தனை தடவை மாட்டியாகிவிட்டது, கை தானாகப் போட்டிருக்கும், கைக்குத் தெரியும். சரி, கைக்குத் தெரியும் என்றால் கை சொல்லட்டுமே. கை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஊமையாக இருந்தது.

எல்லாம் மாமனாரால் வந்த வினை. அப்படி நினைப்பதும் பாவம், பின்சீட்டில் வாயைப் பிளந்துகொண்டு குழந்தை மாதிரித் தூங்குகிற மனுஷன். கோபியில் காலமெல்லாம் பாத்திரக்கடை நடத்திய நாச்சிமுத்து, மகளைப் பார்க்க அமெரிக்கா வந்து இறங்கிய அன்றைக்கே டிரெய்லரைச் சுற்றி வந்து, அண்டாவைத் தட்டிப் பார்ப்பதுபோல விரல் முட்டியால் அதன் விலாவைத் தட்டிப் பார்த்து, "தகடு மெலுசுங் மாப்ளே" என்று தீர்ப்புச் சொன்னவர். நேற்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோதுதான் மறுநாள் சனிக்கிழமை என்பது அவருக்கு நினைவு வந்தது. ஒன்பதிலிருந்து பத்தரை ராகு காலம். அமெரிக்காவில் ராகு எந்தக் கடிகாரத்தைப் பார்ப்பார் என்று பூபதி கேட்டதற்கு, "அவருக்கு எந்த ஊரா இருந்தா என்னங்க, சூரியன் பொறப்பட்டா அவரும் பொறப்படுவாரு" என்று பதில் வந்தது. ஒன்பதரைக்குக் கிளம்புவதாகத் திட்டம். சீக்கிரம் போனால், டிரெய்லரோடு தங்கப் போகிற ஏரிக்கரை முகாமில் உள்ளே விடமாட்டான். அதற்கும் அவரிடம் வழி இருந்தது. ஊரில் கிளம்புகிற நேரம் கெட்ட நேரமாக அமைந்துவிட்டால், நல்ல நேரத்திலேயே ஒரு பையைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் வைத்துவிடுவார்கள். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு, ராகு ஏமாந்துவிடுவார். "பையி என்னத்துக்குங் மாப்ளே, வண்டியவே ஒரு பத்தடி நகர்த்தி நிறுத்திருங்க. அப்பறம் உக்காந்து இட்லி தின்னுட்டு நிம்மதியாப் போலாம்." நல்ல யோசனைதான். யாருக்கும் நஷ்டமில்லை. காலையில் பூபதி குனிந்து டிரெய்லரின் வாயை உருண்டைமேல் உட்கார வைத்து, தாழ்ப்பாளைத் தட்டி, பின்னைக் கையில் எடுத்தான். எடுத்தானா? எடுத்தான். அப்போதுதான் வாசலிலிருந்து, "மாப்ளே, மணியாச்சுங்க, ராகு வந்துட்டாருங்க!" என்று ஏதோ கடன்காரன் தெருமுனையில் தென்பட்ட மாதிரி ஓர் அலறல். சுகுணா கற்பூரத் தட்டோடு நிற்கிறாள். எதிர்வீட்டு வெள்ளைக்காரர் நாயைப் பிடித்துக்கொண்டு நின்று வேடிக்கை பார்க்கிறார். பூபதிக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஓடிப்போய் ஏறி, பத்தே அடி, வீட்டு முகப்பிலிருந்து தெருவுக்கு இழுத்து நிறுத்தினான். கற்பூரம் காட்டினார்கள். நாய் குரைத்தது. எல்லாரும் உள்ளே போய் இட்லி சாப்பிட்டார்கள். பாதியில் விட்ட வேலையை இட்லிக்கு அப்புறம் தொடர்ந்தபோது எந்தப் பாதியில் விட்டோம் என்று அவன் யோசிக்கவில்லை. டிரெய்லர் கழன்றாலும் விடாமல் பிடிக்கிற சங்கிலியிலிருந்து ஆரம்பித்தான். சங்கிலிக்கு முந்தினதுதானே பின். 

சங்கிலி மாட்டியது நிச்சயம். விரல் நசுங்கியது, இன்னும் வலிக்கிறது, அந்த வலிக்கு ஒரு கும்பிடு. வயர் மாட்டியதும் நிச்சயம், சுகுணா பின்னால் நின்று "லெஃப்ட் எரியுதுங்க, ரைட்டு எரியுதுங்க" என்றாள். டிரெய்லரைத் தனியாக நிறுத்தும்போது முட்டுக்கொடுக்கிற முன்காலைத் தூக்கியதும் நிச்சயம். பின்தான். அதைக் கூப்பிட்டால் நினைவு வராமல் இல்லை, வண்டி வண்டியாக வந்தது, அதுதான் தொந்தரவே. இதோ, பின்னைச் செருகுகிறான், உள்ளே போய் க்ளிக் என்கிறது. அப்பாடா! ஆனால் அந்தக் கையில் கம்பளிக் கையுறை இருக்கிறதே? அது போன அக்டோபர். சரி, இது வேண்டாம், வேறு வரட்டும். இதோ இன்னொன்று, செருகுகிறான், க்ளிக், கையுறை இல்லை. ஆனால் தரை ஈரமாக இருக்கிறது, முழங்கால் நனைகிறது, இன்றைக்குக் காய்ந்த தரை, ஒரு வாரமாகச் சுட்டெரிக்கிற வெயில். இது ஏப்ரலில் மழையில் மாட்டியது, அன்றைக்குத்தான் சுகுணா குடை பிடித்தாள், அவனுக்கில்லை, தனக்கு. இன்றைய க்ளிக் எங்கே? இன்றைக்கென்று ஓர் அடையாளம் வேண்டும். விரலில் சட்னி வாசம் வருகிற மாதிரி ஒரு க்ளிக் இருந்தால் போதும், இட்லிக்கு அப்புறம் போட்டதாக அர்த்தம். மூக்கருகே விரலைக் கொண்டுபோனான். கொத்தமல்லிச் சட்னி வாசம் அடித்தது, நன்றாகவே அடித்தது, ஆனால் அது சாப்பிட்டதற்குத்தான் சாட்சி, வேறெதற்கும் இல்லை. ஒரு மனுஷன் தன் கல்யாணத்தை மறக்கமாட்டான், கல்யாணம் ஒரு தடவை நடப்பது. ஐம்பது தடவை செய்த காரியத்தை எப்படி நினைவு வைத்துக்கொள்வது, ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு எல்லாம் ஒரே க்ளிக்காகக் கிடக்கிறது. கல்யாணம்கூட... இல்லை, அது நன்றாக நினைவிருக்கிறது. தாலி கட்டும்போது மூன்றாவது முடிச்சைப் போட அவன் தங்கை பிந்திவிட்டாள் என்று நாச்சிமுத்து மாமா சத்தம் போட்டார். அங்கேயும் முடிச்சு, அங்கேயும் அவர்தான். பூபதிக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியிலேயே, பின்னால் ஏதோ டக் என்றதும், அடங்கிப்போனது. பாலத்தின் இணைப்புதான். எல்லாப் பாலத்திலும் டக் என்னும். ஆனால் இந்த டக் கொஞ்சம் நீளமாக இருந்ததோ?

பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளிடம் சொல்லிவிடலாம். என்ன வந்துவிடும், சுகுணா, பின் போட்டேனான்னு சந்தேகமா இருக்குது. அவ்வளவுதான். எட்டு வார்த்தைகூட இல்லை. அந்தச் சொல்லைத்தான் அவனால் சொல்ல முடியாது, ஏனென்றால் நேற்று அவனே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டிருந்தான். இந்த டிரெய்லர் வாங்குவதற்கு முன்னாலிருந்தே சுகுணாவுக்கு ஆகாது. ஓட்டலில் ரூம் போட்டால் மெத்தை அவர்கள் விரிப்பார்கள், கக்கூஸ் அவர்கள் கழுவுவார்கள், இங்கே விடுமுறைக்குப் போய் இரண்டையும் நானே செய்யணுமா என்பது அவள் கட்சி. அந்தக் கட்சியில் நியாயம் இருந்ததால்தான் பூபதிக்குக் கோபம் வரும். போதாததற்கு அதை இழுக்கிற பிக்கப்புக்கு "அரை டன் வண்டி" என்று பெயர். பெயரைக் கேட்டதும் மாமனாரும் மகளும் ஒரே குரலில் "அரை டன் வண்டி ரெண்டரை டன் வீட்ட எப்படி இழுக்குமுங்க?" என்றார்கள். பேர்தான் அரை டன், அது அந்தக் காலத்தில் வைத்த பேர், இன்றைக்கு நாலு டன்னுக்கு மேலே இழுக்கும், ஆனால் முதுகில் சுமப்பதற்குத்தான் ஓர் அளவு உண்டு, ஆள், மூட்டை, டிரெய்லர் மூக்கு அழுத்துகிற பாரம் எல்லாம் அந்த அளவுக்குள் அடங்க வேண்டும் என்று அவன் விளக்கு விளக்கென்று விளக்கினான். விளக்கியதன் பலனாக மாமனாரிடம் போய், "மாமா, நீங்க எத்தன கிலோ இருப்பீங்க?" என்று கேட்க வேண்டியதாயிற்று. பாத்திரத்தைக் காலமெல்லாம் எடை போட்டு விற்ற மனுஷன், தன்னை எடை கேட்டதும் முகம் சுருங்கிப்போனார். "எம்பட மாப்பிள்ளை என்னைய மூட்டையில சேத்திட்டாருங்க" என்று ஊருக்குப் போன் போட்டு மாமியாரிடம் சொன்னார். அன்றிலிருந்து தினமும் சுகுணா ஒரு குறை சொல்லிக்கொண்டேயிருந்தாள். டயர் சின்னதா இருக்குதுங்க. மலைல இறங்கறப்ப அது நம்மளத் தள்ளுமாமா? மாட்டறது கழண்டுட்டா? நேற்றுப் படுக்கப்போகும்போது பூபதி கையெடுத்துக் கும்பிட்டான். "நாளைக்கு ஒரு நாள், ஏரிக்குப் போய்ச் சேர்ற வரைக்கும், டிரெய்லரைப் பத்தி ஒரு வார்த்தை பேசாத. ஒரே ஒரு வார்த்தை. பேசுனா நான் இத வித்துடறேன்." சுகுணா அவனைப் பார்த்தாள், "சரிங்க" என்றாள். அவ்வளவு லேசாகச் சொன்னாள். விளக்கு எரிவதைச் சொன்னதோடு சரி, காலையிலிருந்து சொன்னபடி இருக்கிறாள். கிளம்பியதிலிருந்து வாயே திறக்கவில்லை. வலதுபக்கக் கண்ணாடியைப் பார்ப்பதும் போனைப் பார்ப்பதுமாக வருகிறாள். கோபமா? மலையழகை ரசிக்கிறாளா? கண்ணாடியில் என்ன மலையழகு தெரியும்? இவள் பேசாத வண்டியில் இத்தனை வருஷத்தில் பூபதி உட்கார்ந்ததே இல்லை. டயர் சத்தம், காற்றுச் சத்தம், மாமனார் குறட்டை எல்லாம் தனித்தனியாகக் கேட்டன. இவ்வளவு சத்தமா இத்தனை நாளாக இவள் பேச்சுக்கு அடியில் கிடந்தது? ஏதாவது பேசேன் என்று கெஞ்ச வேண்டும்போல இருந்தது. எப்படிக் கெஞ்சுவது, பேசாதே என்று கும்பிட்டவனே அவன்தானே.

ஏற்றம் முடிந்து இறக்கம் ஆரம்பித்தது. சுவர் இன்னும் முடியவில்லை. ஏற்றத்தில் உருண்டையை வாய் இழுத்துப் பிடித்திருக்கும், பயமில்லை. இறக்கத்தில்தான் டிரெய்லர் முன்னால் வந்து இடிக்கும், குலுங்கும், தாழ்ப்பாள் எழும்ப நினைத்தால் இதுதான் அதற்கு நல்ல நேரம். நல்ல நேரம்! எழும்பினால் என்ன ஆகும்? வாய் திறக்கும், மூக்கு தரையில் விழும், சங்கிலி பிடிக்கும், பிடித்தாலும் ரெண்டரை டன் தரையை உழுதுகொண்டு வரும். சங்கிலியும் விட்டால்... விடாது. விரல் நசுங்க மாட்டிய சங்கிலி. கண்ணாடியில் பார்த்தான். டிரெய்லரின் வெள்ளை விலாவுக்குப் பின்னால், வளைவுகளில் மட்டும் எட்டிப் பார்க்கிற ஒரு சின்னச் சிவப்புக் கார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால், இரண்டு வரிசை இருந்த இடத்தில், அது பக்கத்தில் வந்தபோது பின்சீட்டில் இரண்டு குழந்தைகள் தெரிந்தன, ஒன்று கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு டிரெய்லரைப் பார்த்தது, பூபதி கையசைத்தான், அதுவும் அசைத்தது. அந்தக் கார்தான்.  ஏம்ப்பா, கொஞ்சம் தள்ளி வாயேன், உனக்கென்ன அவசரம், ராகு காலமெல்லாம் முடிந்துவிட்டதே. கியரைக் குறைத்தான், வேகத்தைக் குறைத்தான், பிரேக்கைத் தடவினானே தவிர மிதிக்கவில்லை. சிவப்புக் கார் இன்னும் ஒட்டிக்கொண்டு வந்தது. முருகா, பின் இருந்தால் பழனிக்கு வருகிறேன். இல்லாவிட்டாலும் வருகிறேன், இந்த இறக்கம் மட்டும் கழியட்டும். மொட்டை போடுகிறேன். மொட்டை போட முடி எங்கே இருக்கிறது, உச்சியில் ஏற்கெனவே முருகன் பாதி எடுத்துக்கொண்டுவிட்டார், மீதியையும் எடுத்துக்கொள்ளட்டும். எதிர்ப்பக்கத்தில் ஒரு பெரிய லாரி ஊவென்று போனது, அதன் காற்று டிரெய்லரை ஒரு தள்ளுத் தள்ளியது, டிரெய்லர் தலையை ஆட்டியது, ஸ்டியரிங் கையில் சிலிர்த்தது. பூபதி மூச்சை நிறுத்தினான். பக்கத்தில் சுகுணாவும் "ஹக்" என்று மூச்சை இழுத்தது கேட்டது. திரும்பிப் பார்த்தான். அவள் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள், உதடு மட்டும் அசைந்தது. டிரெய்லர் ஆட்டத்தை நிறுத்திச் சமர்த்தாகப் பின்னால் வந்தது. வா, என் தங்கமே, அப்படியே வா. உன்னை விற்கமாட்டேன், சும்மா சொன்னேன்.

சுவர் முடிந்த இடத்தில், கடவுளே கொண்டுவந்து நட்டது மாதிரி, ரெஸ்ட் ஏரியா என்று நீலப் பலகை. பூபதி இண்டிகேட்டர் போடுவதற்கும் சுகுணா "இங்க நிறுத்துங்க" என்று வாய் திறப்பதற்கும் சரியாக இருந்தது. சிவப்புக் கார் ஒரு ஹாரன் அடித்துவிட்டு நேராகப் போனது. பின்கண்ணாடியில் ஒரு சின்னக் கை அசைந்தது. போங்க சாமி, நல்லாப் போய்ச் சேருங்க. லாரி நிற்கிற நீளமான இடத்தில் வண்டியை நிறுத்தினான். உடம்பெல்லாம் தொப்பலாக நனைந்திருந்தது. பதற்றத்தைக் காட்டிக்கொள்ளாமல் இறங்க வேண்டும், நடந்துபோய்ப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் சத்தமில்லாமல் பெட்டியிலிருந்து ஒரு போல்ட்டையாவது எடுத்துச் செருகிவிட்டு வர வேண்டும், யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

"காலு மரத்துப்போச்சு, ஒரு நடை நடந்துட்டு வந்தர்றேன்" என்றான்.  பக்கத்து சீட்டு காலியாக இருந்தது, கதவு திறந்து கிடந்தது. இந்தப் பக்கமாக அவன் சுற்றிக்கொண்டு ஓட, அந்தப் பக்கமாக அவள் சுற்றிக்கொண்டு ஓடிவந்தாள். பிக்கப்புக்கும் டிரெய்லருக்கும் நடுவில் இருவரும் ஒரே நேரத்தில் குனிந்து, தலை முட்டிக்கொள்ளாத குறை.

தாழ்ப்பாள் விழுந்தபடி இருந்தது. பின் போடும் ஓட்டை வெறுமையாக இருந்தது. அதன் வழியாக அந்தப் பக்கத்துப் புல் பச்சையாகத் தெரிந்தது.

பூபதி அப்படியே டிரெய்லரின் இரும்புச் சட்டத்தில் உட்கார்ந்தான். சுகுணா மூடிய கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டித் திறந்தாள். உள்ளங்கையில் பின் இருந்தது, வியர்வையில் பளபளத்துக்கொண்டு, கையில் ஆழமாக அதன் அச்சு பதிந்திருந்தது.

"நீங்க இட்லி தின்னுட்டு இருந்தப்ப கற்பூரத் தட்டம் எடுக்கப் போனனுங்க. ரோட்டுல கெடந்துச்சு. எச்சாப் பின்னாட்ட இருக்குதுன்னு எடுத்துப் பையில போட்டுட்டேன். ஹைவேல சொவுரு ஆரம்பிச்சப்பறந்தான் ரோசனை வந்துச்சு, நம்மகிட்ட எச்சாப் பின்னே கெடையாதே, இருக்கறதே ஒண்ணுதானேன்னு."

"அப்பவே சொல்றதுக்கு என்ன கேடு? நான் பேசாதேன்னா செத்தாலும் பேசமாட்டியா?"

"அதுக்காவ இல்லீங்க." அவள் குரல் உடைந்தது. "வாய் வரைக்கும் வந்துருச்சு. ரெண்டு பக்கமும் சொவுரு. சொன்னா நீங்க பயந்து பிரேக்க மிதிப்பீங்க. அந்தச் செவப்புக் காரு வேற பின்னாலயே ஒட்டிட்டு வந்துச்சு, புள்ளைக இருந்துச்சுங்கல்ல. அதான் நிறுத்தற எடம் எத்தன தொலைவுன்னு போன்ல பாக்கறதும் அது ஆடுதான்னு கண்ணாடில பாக்கறதுமா வந்தேன். நீங்க நிம்மதியா ஓட்டறீங்க, ஓட்டட்டும்னு."

நிம்மதியா! பூபதி அவளையே பார்த்தான். அவன் ஒருவனாகச் செத்துப் பிழைத்ததாக நினைத்துக்கொண்டிருந்த அத்தனை தூரமும் இவள் ஓரடி தள்ளி அதே சாவைச் செத்துக்கொண்டு வந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. "எனக்கும் தெரியும் சுகுணா. போட்டனா இல்லையான்னு அந்தச் சொவுத்துக்குள்ள நுழைஞ்சதுமே சந்தேகம் வந்துருச்சு" என்றான். சுகுணாவின் கண் பெரிதானது. "அப்பவேவா?" என்றாள். "அப்பவே." இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது யாரென்று சொல்ல முடியாது. அவள் சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், அவன் மூக்கைத் துடைத்தான். பின்னை அவளே செருகினாள். க்ளிக் என்றது.

அதற்குள் நாச்சிமுத்து எழுந்து, வேட்டியை இறுக்கிக்கொண்டு கொட்டாவியோடு வந்துவிட்டார். டிரெய்லரின் விலாவைப் பழக்கதோஷத்தில் ஒரு தட்டுத் தட்டினார். "என்னங் மாப்ளே, ரெண்டு பேரும் இங்க கெக்கபிக்கேன்னு சிரிச்சுட்டு நிக்கறீங்க? மலையெல்லாம் தாண்டியாச்சுங்களா?"

"தாண்டியாச்சுங் மாமா."

"பாத்தீங்களா? நல்ல நேரத்துல நகர்த்துனோம், ஒரு கொறையும் இல்லாம வந்துட்டோம். சும்மாவா சொன்னேன்?"

சுகுணா முகத்தைத் திருப்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. "ஆமாங் மாமா" என்றான் பூபதி. மனதாரத்தான் சொன்னான்.

மூன்று பேரும் ஏறினார்கள். சாவியைத் திருப்பி, கியரைப் போட்டு, இரண்டு கஜம்கூட நகர்ந்திருக்காது.

"ஏனுங்க" என்றாள் சுகுணா. "அந்த முன்காலத் தூக்குனீங்களா?"

தூக்கியிருந்தான். இப்போதுதான் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டு வந்தான், தூக்கியிருந்ததைக் கண்ணாலேயே பார்த்தான். பூபதி வண்டியை நிறுத்தினான். இறங்கிப் பின்னால் போனான், குனிந்து நன்றாகப் பார்த்தான், வந்து ஏறினான்.

"தூக்கியிருக்குது" என்றான். "வேறென்ன பாக்கணும், சொல்லு."